கூத்துப் பதிவுகளுக்கு எந்த வெற்று டிவிடி நல்லது? பழைய பிளேயரிலும் ஓட வேண்டும்

படுவான்கரைப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் அண்ணாவியாராக, அதாவது கூத்துப் பழக்கும் ஆசானாக இருந்தவர். அவர் பழக்கிய வடமோடிக் கூத்துகள் சிலவற்றின் அரங்கேற்றம் மினிடிவி கசெட்டிலும், அதற்கு முந்தியவை விஎச்எஸ்ஸிலும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. ஒரு கூத்துக்கு மட்டும் சட்டம் (ஆடுபவருக்குரிய பாட்டு ஏடு) கொடுத்ததில் இருந்து சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (ஒத்திகை), அரங்கேற்றம் வரை எல்லாமே இருக்கிறது. கூத்துப் பழகும் பிள்ளைகளுக்கு இது பெரிய சொத்து. தம்பி பழைய கமெரா ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு கசெட்டாகக் கணினிக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஆடியவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீடுகளில் இருப்பது பெட்டி டிவியும் பழைய டிவிடி பிளேயரும்தான். ஆளுக்கொரு பிரதி அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. முன்பு ஒரு விழாவில் கொடுத்த இறுவட்டுகள் பல வீடுகளில் இப்போது ஓடுவதில்லை. திறந்து பார்த்தால் கீறல்கூட இல்லை.

ரவுணில் வெர்பேட்டிம் என்று போட்ட இரண்டு பெட்டி வாங்கினேன். இரண்டும் 4.7 ஜிபி, இரண்டிலும் எழுதும் வேகம் 16எக்ஸ் என்று இருக்கிறது. ஒரு பெட்டியில் உள்ளது பெரியம்மா வீட்டுப் பிளேயரில் நன்றாக ஓடுகிறது. மற்றப் பெட்டியில் உள்ளதைப் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்கிறது. அதே தகடு என் லப்டொப்பில் ஓடுகிறது. ஒரே கொம்பனி, ஒரே கடை, ஒரே விலை. ஏன் இந்த வித்தியாசம்? எதை வாங்கினால் பழைய பிளேயரிலும் ஓடும், கன காலமும் இருக்கும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஏறாவூர்த் தம்பி:

அக்கா, இந்தக் காலத்தில் டிவிடி எதற்கு? வெற்றுத் தகடு எல்லாம் ஒன்றுதான், எல்லாம் பிளாஸ்டிக். பென் ட்ரைவில் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் யூடியூபில் ஏற்றிவிட்டு லிங்கை அனுப்புங்கள். வேலை சுகம்.

கல்முனை எடிட்டர்:

தங்கச்சி, நான் கல்முனையில் நெடுங்காலம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, பாண்டிருப்புத் தீமிதிப்பு என்று விஎச்எஸ் காலத்தில் இருந்து எடுத்தேன், வெட்டினேன், இறுவட்டாக அடித்துக் கொடுத்தேன். வெற்றுத் தகட்டோடு கிடந்தே பாதி வயது போனது. அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஏறாவூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. தகடு எல்லாம் ஒன்றல்ல, தம்பி. வெளியே பிளாஸ்டிக்தான், ஆனால் எழுத்து விழுவது உள்ளே இருக்கும் சாயப் படலத்தில். தகடு அடிக்கும் ட்ரைவின், அதாவது ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. சாயம் என்ன ரகம், எவ்வளவு சீராகப் பூசியிருக்கிறார்கள், பின்னால் இருக்கும் உலோகப் படலம் என்ன, இரண்டு பாதியையும் ஒட்டிய பசை விளிம்பு வரை போயிருக்கிறதா என்பதில்தான் ஒரு தகட்டுக்கும் இன்னொரு தகட்டுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. பென் ட்ரைவ் எடுத்துச் செல்ல நல்லது, வைத்திருக்க நல்லதல்ல. அதற்குள் இருப்பது மின்னேற்றம். மின்சாரம் காணாமல் வருடக்கணக்கில் மேசை லாச்சியில் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசிந்து போகும். அதோடு, பேரப்பிள்ளை பாட்டு ஏற்ற வேண்டும் என்று அதை அழித்தும் விடும். அடித்து மூடிய டிவிடியை யாரும் அழிக்க முடியாது, வைரஸும் ஏறாது. மத்தளம் அடித்த ஐயாவின் கையில் கொடுப்பதற்கு அதுதான் சரி. யூடியூபில் ஏற்றுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே போவது சுருக்கிய படம், மூலம் அல்ல.

இனி உங்கள் கேள்வி. பெட்டி இரண்டையும் எடுத்து, டிவிடி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒன்றில் டிவிடி-ஆர் என்றும் மற்றதில் டிவிடி+ஆர் என்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் இருப்பது கழித்தலா கூட்டலா என்பதைக் கடைக்காரர்கள் பார்ப்பதில்லை, வாங்குகிறவர்களும் பார்ப்பதில்லை. ஆனால் அவை இரண்டு வேறு வகைகள். கழித்தல் வகை பயனியர் கொம்பனி 1997இல் கொண்டு வந்தது. கூட்டல் வகை சொனி, பிலிப்ஸ் முதலியவர்கள் சேர்ந்து உருவாக்கி 2002இல் வந்தது. அந்தக் கூட்டல் வகையைத் தெரியாத பழைய பிளேயர்கள் இருக்கின்றன. தகட்டின் தொடக்கத்தில் 'நான் இன்ன வகை' என்று ஒரு குறி இருக்கும். பிளேயர் முதலில் வாசிப்பது அதைத்தான். கூட்டல் ஆர் என்ற குறியைக் கண்டதும், தெரியாத சாமான் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். தகட்டில் பிழை இருக்காது, பிளேயரிலும் இருக்காது.

கூட்டல் வகையில் ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. ரைட்டர் ஒத்துழைத்தால், அடிக்கும்போது அந்தக் குறியை 'டிவிடி-ரொம்' என்று மாற்றி எழுதலாம். கடையில் விற்கும் படத் தகட்டுக்குப் போடும் குறி அதுதான். அப்படி மாற்றிவிட்டால் பெரும்பாலான பழைய பிளேயர்கள் சத்தமில்லாமல் ஓட்டும். இதற்கு 'புக் டைப்' மாற்றுவது என்று பெயர். இம்ஜ்பேர்ன் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லா ரைட்டரும் இதற்கு இடம் தராது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கழித்தல் வகையில் இந்தக் குறியை மாற்ற முடியாது. பழைய பிளேயர்கள் அதை ஏற்கெனவே அறிந்திருப்பதால் மாற்றத் தேவையும் இல்லை. ஆகவே ஊரில் பங்கிடுவதற்கு டிவிடி-ஆர் வாங்குங்கள்.

8.5 ஜிபி இரட்டைப் படலத் தகடு வேண்டாம். கூத்து இரவு முழுக்கப் போகும், பெரிய தகடென்றால் சுகம் என்று தோன்றும். ஆனால் பழைய பிளேயர் முதல் படலத்தில் இருந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தில் நின்று யோசிக்கும், சிலவேளை அங்கேயே நின்றுவிடும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தகடும் வேண்டாம். அதில் ஒளி திரும்பி வருவது குறைவு, பழைய பிளேயரின் கண்ணுக்கு அது போதாது.

அடுத்தது கொம்பனிப் பெயர். இது எல்லோரும் ஏமாறும் இடம். பெட்டியில் அச்சடித்த பெயர் ஒன்று, தகட்டைச் செய்த ஆலை இன்னொன்று. உலகத்தில் வெற்றுத் தகடு செய்த ஆலைகள் பெட்டிப் பெயர்களை விடக் குறைவு. ஜப்பானின் தையோ யூடென்தான் 1988இல் முதல் சீடி-ஆரைச் செய்து காட்டியது. தொழில்காரர் எல்லோரும் அதன் தகட்டைத் தேடித் தேடி வாங்கினார்கள். அது 2015இன் கடைசியில் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. வெர்பேட்டிம் நெடுங்காலம் மிட்சுபிஷியின் கையில் இருந்தது, அவர்களுடைய அசோ சாயத்துக்கு நல்ல பெயர். 2019இல் அதைத் தாய்வானின் சிஎம்சி மெக்னெற்றிக்ஸ் வாங்க ஒப்பந்தம் போட்டது. தாய்வானில் ரிடெக் என்று இன்னொரு பெரிய ஆலை. இந்தியாவில் மோசர் பேயர் இருந்தது, 2018இல் அதைக் கலைக்க உத்தரவானது. சொனி 2025 பெப்ரவரியோடு எழுதும் புளூரே தகட்டையும் மினிடிவி கசெட்டையும் செய்வதை நிறுத்திவிட்டது. உங்கள் தம்பி கசெட்டுகளை இப்போது எடுப்பது மிக நல்ல காரியம். கமெராவும் இனிக் கிடைக்காது, கசெட்டும் கிடைக்காது.

உண்மையான ஆலையை அறிய வழி இருக்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் ஆலையிலேயே ஒரு அடையாளக் குறியீடு பதித்திருப்பார்கள். தகட்டை ரைட்டரில் போட்டு இம்ஜ்பேர்னைத் திறந்தால் வலப்பக்கத்தில் 'டிஸ்க் ஐடி' என்று காட்டும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி வழி. டிவைஜி அல்லது யூடென் என்றால் தையோ யூடென் வழி. சிஎம்சி மேக், ரிடெக் என்பவை பெயரிலேயே தெரியும். எம்பிஐ என்றால் மோசர் பேயர். ஆனால் இதிலும் ஒரு கவனம் வேண்டும். சிஎம்சி பிற்காலத்தில் தையோ யூடெனின் தொழில்நுட்பத்தையும் வெர்பேட்டிமையும் வாங்கிக்கொண்டதால், பழைய ஜப்பான் குறியீட்டோடு தாய்வானில் செய்த தகடும் வருகிறது. குறியீடு குலத்தைச் சொல்லும். குணத்தை அடித்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.

எப்படி அடித்துப் பார்ப்பது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். கரண்ட் போகப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்கிடையில் பெட்டியில் கழித்தலா கூட்டலா என்று பார்த்துச் சொல்லுங்கள். ரைட்டர் என்ன ரகம் என்பதையும் சொல்லுங்கள்.

படுவான்கரைப் பிள்ளை:

அண்ணன், நீங்கள் சொன்னது அப்படியே சரி. ஓடுவது கழித்தல், ஓடாதது கூட்டல். எழுத்து மிகச் சின்னதாக இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. இரண்டிலும் டிஸ்க் ஐடி எம்சிசி என்றுதான் தொடங்குகிறது. பெட்டியில் தாய்வானில் செய்தது என்று இருக்கிறது.

என்னுடைய ரைட்டர் லப்டொப்புக்கு வெளியே யூஎஸ்பியில் குத்தும் மெல்லியது. இம்ஜ்பேர்னில் அந்தப் புக் டைப் பொத்தானை அழுத்தினால், இந்த ட்ரைவுக்கு முடியாது என்கிறது. அப்படியென்றால் கூட்டல் பெட்டி வீண்தானா?

தம்பி கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றும் இருக்கிறது. எந்த வேகத்தில் அடிப்பது? மெதுவாக அடித்தால் நன்றாக விழும் என்று ஒருவர் சொன்னாராம், 1எக்ஸில் வைக்கச் சொல்லி.

கல்முனை எடிட்டர்:

வீண் இல்லை. கணினிக்குக் கூட்டலும் கழித்தலும் ஒன்றுதான். கூத்துக் கொப்பியை ஸ்கேன் பண்ணிய பக்கங்கள், போட்டோக்கள், அண்ணாவியாரின் குரல் மட்டும் பதிந்த கசெட்டுகள் இருந்தால் அவை எல்லாவற்றையும் கூட்டல் பெட்டியில் போடுங்கள். அரங்கேற்றத்தைக் கழித்தலில் அடியுங்கள்.

வேகம். 1எக்ஸ் என்பது சீடி புதிதாக வந்த காலத்துப் பேச்சு. 16எக்ஸ் தகட்டின் சாயம் வேகமான, பலமான சூட்டுக்குத் தயார் பண்ணியது. அதை மிக மெதுவாகச் சுட்டால் அடையாளம் பரந்து, விளிம்பு மங்கிவிடும். தோசைக்கல் சூடேறாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 16எக்ஸ் தகட்டை 8எக்ஸில் அடியுங்கள். என் அனுபவத்தில் அதுதான் நடுநிலையான இடம். ஒரு தகடு ஏறத்தாழ 8 அல்லது 9 நிமிடத்தில் முடியும். முழு வேகத்தில் அடித்தால் மிச்சமாவது 3 நிமிடம்தான். அந்த 3 நிமிடத்துக்காகத் தகட்டின் வெளி விளிம்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

மெல்லிய ரைட்டருக்கு எப்படியும் 8எக்ஸ்தான் உச்சம். அதற்கு வேறு பிரச்சினை: யூஎஸ்பியில் இருந்து மின்சாரம் போதாமல் போகும். ஹப்பில் குத்தாதீர்கள், நேராக லப்டொப்பில் குத்துங்கள். இரட்டைத் தலை வயர் இருந்தால் இரண்டையும் குத்துங்கள். லப்டொப்பை நிறையச் சார்ஜ் பண்ணிவிட்டு அடியுங்கள். அடித்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போனாலும் பற்றரி தாங்கும். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது.

வெளி விளிம்பு என்று சொன்னேன். டிவிடி உள்ளே இருந்து வெளியே எழுதப்படும். சாயம் சீர் கெடுவது, பசை விலகுவது, கைவிரல் படுவது எல்லாமே வெளி விளிம்பில்தான். அதனால் 4.7 ஜிபியையும் நிரப்பாதீர்கள். 4 ஜிபியை ஒட்டி நிறுத்தினால் விளிம்பு வெறுமையாக இருக்கும். இரண்டு மணித்தியாலக் கூத்தை ஒரு தகட்டில் வைத்தால், தகட்டை முழுக்க நிரப்பினாலும் வினாடிக்கு 5 மெகாபிட்டை ஒட்டித்தான் கிடைக்கும். இரவுக் களரி, அசையும் கால், மினுங்கும் உடுப்பு, இவற்றுக்கு அது கொஞ்சம் இறுக்கம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒன்று என்று பிரியுங்கள். ஒரு வரவு (பாத்திரம் களரிக்கு வந்து ஆடுவது) முடிந்து அடுத்த வரவு தொடங்கும் இடமாகப் பார்த்து வெட்டினால் பார்ப்பவருக்கும் சுகம். படத்தின் உச்ச வேகம் 8 மெகாபிட்டைத் தாண்ட விடாதீர்கள். விதி 9.8 வரை விடும், ஆனால் அடித்த தகட்டை வாசிக்கும் பழைய பிளேயர் அந்த உச்சத்தில் திக்கும்.

இன்னொன்று. எம்பி4 கோப்பை அப்படியே தகட்டில் போட்டுக் கொடுத்தால் பழைய பிளேயர் திறக்காது. பால் (PAL) என்ற டிவி முறையில், 720 பெருக்கல் 576 அளவில், டிவிடி-வீடியோவாக மாற்றித்தான் அடிக்க வேண்டும். விண்டோஸ் கேட்கும்போது 'யூஎஸ்பி மாதிரிப் பாவிக்க' என்ற தெரிவை எடுக்காதீர்கள். அது அந்தக் கணினிக்கு மட்டும் வசதி. கடைசியில் தகட்டை மூடும் ('ஃபைனலைஸ்') தெரிவு போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மூடாத தகடு உங்கள் லப்டொப்பில் ஓடும், பெரியம்மா வீட்டில் ஓடாது.

இனிச் சோதனை. அடித்தவுடன் ஓடிப் பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. டிவிடியில் பிழை திருத்தும் கணக்கு ஒன்று கூடவே எழுதப்படுகிறது. அது சின்னப் பிழைகளை மறைத்துக்கொண்டே இருக்கும். படம் கட்டம் கட்டமாக உடையும் நாளில் அந்தக் கணக்கும் தோற்றுவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முன்கூட்டியே பிழையை எண்ண வேண்டும். லைட்-ஒன் கொம்பனியின் மேசைக் கணினி ரைட்டர்கள் இந்த எண்ணிக்கையைக் காட்டும், நீரோ டிஸ்க்ஸ்பீட் போன்ற மென்பொருளில் பார்க்கலாம். பிஐ பிழை (திருத்தும் கணக்கின் முதல் கட்டம் பிடிக்கும் பிழை) என்பது 280ஐத் தாண்டக் கூடாது, பிஐ தோல்வி (அந்தக் கட்டத்தில் திருத்த முடியாமல் போனது) என்பது 4ஐத் தாண்டக் கூடாது. அது விதி சொல்லும் எல்லை. நல்ல தகட்டில் முதலாவது பத்து இருபதில் படுத்துக் கிடக்கும். எல்லைக்குள் இருக்கிறதே என்று நூற்றுக்கு மேல் காட்டும் தகட்டை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் ஏறிவிடும்.

உங்கள் மெல்லிய ட்ரைவ் அநேகமாக இதைக் காட்டாது. அப்படியென்றால் வாசிப்பு வேகச் சோதனையை ஓட்டுங்கள். கோடு தடையில்லாமல் மேலே ஏறிப் போக வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் ட்ரைவ் திரும்பத் திரும்ப வாசிக்கிறது என்று பொருள். அடித்த ட்ரைவிலேயே பார்க்காமல் வேறு ஒரு ட்ரைவில் பாருங்கள். தான் எழுதியதைத் தானே வாசிப்பது எல்லா ட்ரைவுக்கும் சுகம். ஒவ்வொரு பெட்டியிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பார்த்தால் பெட்டியின் குணம் தெரியும். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விற்கும் வட்டப் பெட்டியான கேக் பொக்ஸின் அடியில் இருப்பவை பாரம் தாங்கி இருக்கும், கடையில் வெயில் பட்டிருந்தால் மேலே இருப்பவை பட்டிருக்கும்.

காத்தான்குடி வாசகன்:

நல்ல விளக்கம், எடிட்டர் நானா. இடையில் ஒரு கேள்வி. வாப்பா ரபான் அடித்துப் பாடிய பைத்துகளை ஓடியோ சீடியாக அடித்து என் வான் வண்டியில் போட்டுக் கேட்கிறேன். சில சீடி ஓடுகிறது, சில தாவித் தாவி ஓடுகிறது. அடிப்பக்கம் சிலது பச்சை, சிலது வெள்ளி, சிலது கடும் நீலம். இந்த நிறத்தில் ஏதும் இருக்கிறதா?

கல்முனை எடிட்டர்:

இருக்கிறது தம்பி. நிறம் சாயத்தைக் காட்டும். பச்சைச் சாயல் சயனைன், வெளிறிய பொன் அல்லது வெள்ளி போலத் தெரிவது தாலோசயனைன், கடும் நீலம் அசோ. சீடி-ஆர் தொடங்கிய காலத்துச் சாயம் சயனைன். ஆனால் வெளிச்சத்துக்கு மூன்றிலும் பலவீனம் அதற்குத்தான். வானின் முன் தட்டில் வெயில் பட வைத்தால் முதலில் போவது அதுதான். வானுக்கு நான் நீலத்தையோ வெளிறியதையோ எடுப்பேன். ஆனால் எந்த செட் எந்தச் சாயத்தை விரும்பும் என்பதை ஒவ்வொன்று அடித்துப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 52எக்ஸ் சீடியை 16 அல்லது 24இல் அடியுங்கள், 80 நிமிடத்தை முழுக்க நிரப்பாதீர்கள், முழுத் தகட்டையும் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் வன்ஸ்' தெரிவில் அடியுங்கள்.

சீடிக்கும் டிவிடிக்கும் ஒரு பெரிய வேறுபாடு, எல்லோரும் அறிய வேண்டியது. டிவிடியில் சாயம் 0.6 மில்லிமீற்றர்ப் பிளாஸ்டிக் இரண்டுக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. சீடியில் அது மேல்பக்கத்தில், லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்றோடு மட்டும் இருக்கிறது. எல்லோரும் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துப் பயப்படுவார்கள். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துப் போக்கலாம். சீடியின் மேல்பக்கத்தில் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதினால் அங்கே இருந்த பாட்டு போனதுதான். ஸ்டிக்கர் லேபிளும் ஒட்டாதீர்கள். வான் சூட்டில் பசை இளகி ஒரு பக்கம் சுருங்கும், தகடு சமநிலை தப்பி ஆடும். அந்தத் தாவல் அதனால்கூட இருக்கலாம்.

காத்தான்குடி வாசகன்:

தாவுவது எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியவைதான், நானா. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். திரும்ப அடிக்கிறேன்.

படுவான்கரைப் பிள்ளை:

அண்ணன், கழித்தல் பெட்டியில் 8எக்ஸில் ஒன்று அடித்து, தம்பியின் மேசைக் கணினியில் வாசிப்புச் சோதனை பார்த்தோம். கோடு நேராகப் போனது. பெரியம்மா வீட்டிலும், சல்லாரி என்ற தாளம் போட்ட ஐயா வீட்டிலும் ஓடியது. ஐயா முழுவதையும் பார்த்துவிட்டு, தாளம் பிசகிய ஒரு இடத்தைச் சொல்லிச் சிரித்தார்.

கடைசியாக ஒன்று. கொடுப்பதற்கு இது சரி. வைத்திருப்பதற்கு? 2004 டிசம்பரில் கல்லடிப் பக்கம் இருந்த உறவினர் வீட்டில் இருந்த கசெட்டுகள் எல்லாம் கடலோடு போயின. படுவான்கரையில் இருந்ததால் இவை தப்பின. இனி ஒன்றும் போகக் கூடாது.

கல்முனை எடிட்டர்:

அந்த நாளில் எங்கள் பக்கம் போனதையும் நான் பார்த்தவன், தங்கச்சி. அதனால் உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது.

டிவிடி-வீடியோ பார்ப்பதற்கான பிரதி. மூலம் அது அல்ல. மினிடிவி கசெட்டில் இருந்து ஃபயர்வயர் என்ற வயர் வழியாக எடுத்த டிவி (DV) வகைக் கோப்பு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி வரும். அதை ஒருபோதும் அழிக்காதீர்கள், தம்பியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அந்தக் கோப்புகள் இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் இருக்க வேண்டும். ஒன்று எழுவான்கரையிலும் ஒன்று படுவான்கரையிலும் இருந்தால் மனதுக்கு நிம்மதி.

அதற்கு மேலே தகட்டிலும் ஒரு பிரதி வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று எம்-டிஸ்க். அதில் சாயமே இல்லை. உயிர்ப்பொருள் கலவாத ஒரு கல் போன்ற படலத்தில் லேசர் குழி போடும். வெளிச்சமும் ஈரமும் சாயத்தைத் தின்பது போல அதைத் தின்னாது. டிவிடி எம்-டிஸ்க் அடிக்க அதற்கென்று குறி போட்ட ரைட்டர் வேண்டும், எல்ஜியில் பல வந்தன. வாசிக்கச் சாதாரண ட்ரைவ் போதும். ஆனால் 4.7 ஜிபியில் ஒரு கசெட் அடங்காது, மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது, சாதாரண புளூரே பிடி-ஆர், 25 ஜிபி. ஒரு மணித்தியாலக் கசெட் ஒன்று அடங்கும். இரண்டு அடங்கும் போலத் தோன்றும், மயிரிழையில் அடங்காது, ஏமாறாதீர்கள். மீதி இடத்தில் ஸ்கேன் பக்கங்களைப் போடலாம். இதில் பெட்டியைக் கவனித்து வாங்க வேண்டும். எல்டிஎச் என்று போட்டிருந்தால் அது சாயத் தகடு, மலிவுக்காகச் செய்தது, விடுங்கள். அந்த எழுத்து இல்லாத வழமையான பிடி-ஆரில் இருப்பது உலோகக் கலவைப் படலம். வைத்திருக்க அதுதான் நல்லது. இதற்கு புளூரே ரைட்டர் ஒன்று வாங்க வேண்டி வரும். உங்களிடம் இருக்கும் சொத்துக்கு அந்தச் செலவு தகும் என்பது என் எண்ணம். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடும் காலம் இது, அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

எந்தத் தகடானாலும் வைக்கும் விதம் முக்கியம். நெடுநாள் வைப்பதற்கு 4 முதல் 20 பாகை செல்சியஸ் சூடும், 20 முதல் 50 வீத ஈரப்பதமும் நல்லது என்று அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு சொல்கிறது. மாரியில் வெள்ளம் வரும் படுவான்கரையில் அந்த ஈரப்பதத்துக்கு எங்கே போவது? ஆனால் அதற்குக் கிட்டப் போகலாம். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, தகடுகளைத் தனித்தனிக் கடின உறையில் நிமிர்த்தி வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரத்தில் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியைக் கூரைக்குக் கிட்ட வைக்காதீர்கள், ஓடும் தகரமும் பகலில் கொதிக்கும். நிலத்திலும் வைக்காதீர்கள், வெள்ளம். நடுத் தட்டில், வெளிச்சம் படாத அலுமாரிக்குள் வையுங்கள். ஒவ்வொரு மாரி முடிந்ததும் சிலிக்கா ஜெல்லை மாற்றி, நாலைந்து தகடுகளை எடுத்து வாசிப்புச் சோதனை போடுங்கள். கோட்டில் பள்ளம் கண்டால் அந்த வருடமே புதிதாக அடியுங்கள்.

பெயர் எழுத வேண்டுமானால் சீடிக்கென்று விற்கும் மெல்லிய மார்க்கரால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் எழுதுங்கள். கூத்தின் பெயர், ஊர், அரங்கேறிய ஆண்டு, கசெட் இலக்கம் போதும். ஆடியவர்களின் பெயரையும் பாத்திரத்தையும் தனித் தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். அதை ஐயாமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

என்னிடம் பழைய லைட்-ஒன் ட்ரைவ் இன்னும் வேலை செய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கல்முனைப் பக்கம் வந்தால் இரண்டு பெட்டியிலும் மூன்று மூன்று தகடு அடித்ததோடு கொண்டு வாருங்கள், பிழையை எண்ணிப் பார்த்துவிடலாம். கூட்டல் தகட்டின் புக் டைப்பையும் அதில் மாற்றி அடிக்க முடியும், வெறும் தகடும் சில எடுத்து வாருங்கள். பஸ்ஸில் வரும்போது பெட்டியை யன்னல் ஓரம் வெயிலில் வைக்க வேண்டாம்.

படுவான்கரைப் பிள்ளை:

கட்டாயம் வருகிறேன் அண்ணன். தம்பியையும் கூட்டி வருகிறேன், அவனுக்குத்தான் கேள்வி கூட. எல்டிஎச் இல்லாத பிடி-ஆர் எங்கே கிடைக்கும் என்று இப்போதிருந்தே தேடுகிறேன். யாருக்காவது மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ கண்ட நினைவு இருந்தால் இங்கே எழுதுங்கள்.